பக்கம் எண்பத்து நாலு

மெல்கியோர் எழுதிய நாவலில் என் பெயர் க.
வெறும் க.
புள்ளிகூட அவன் வைத்ததுதான்.

முன்னுரை கடைசியில் வரும்.
மூன்றாம் அத்தியாயம் இரண்டு தடவை,
இரண்டாம் தடவையில் வினைச்சொற்கள் எல்லாம் எதிர்மறை:
க. எழவில்லை. க. பல் துலக்கவில்லை.
க. எட்டுப்பத்து வண்டியைத் தவறவிடவில்லை.
ஹார்பர் லைனில் நின்றுகொண்டே வாசித்தேன்,
முன்னால் நின்றவர் முதுகில் புத்தகத்தைச் சாய்த்து.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் முழுப்பெயர் சுயம்புக்கனி.
பான் கார்டு அதை இரண்டாக நறுக்கிவிட்டது.
ஸ்வயம்பு பெயராம், கனி குடும்பப்பெயராம்.
முலுண்டு அலுவலகத்தில் நான் மிஸ்டர் கனி.
வருஷத்துக்கு இரண்டு முறை மேலாளர்
எழுந்து வந்து கட்டித் தழுவி ஈத் முபாரக் சொல்வார்.
ஒரு தடவை திருத்தப் போய் அவர் முகம் வாடியது.
அதற்குப் பிறகு நானும் சொல்லிவிடுகிறேன்.

வடாலாவில் வீடு பார்த்தபோது தரகர்
கனியா, என்று கேட்டு
சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார்.
அவசரமாகச் சொன்னேன்: நான் அந்தக் கனி இல்லை.
வீடு கிடைத்தது.
அந்த வீட்டில்தான் மெல்கியோரும் வந்து சேர்ந்தான்,
அங்கேதான் நாவல் எழுதினான்,
என் துண்டைத்தான் தலைக்கு வைத்துத் தூங்கினான்.
இதெல்லாம் நாவலில் இருக்கிறது.
தரகர் இல்லை.

எண்பத்து நாலும் எண்பத்தைந்தும் வெற்றுப் பக்கங்கள்.
மாட்டுங்கா கூட்டத்தில் ஒருவர் அவற்றைத் தூக்கிக் காட்டி
சுயத்தின் இன்மை, என்றார்.
கை தட்டினார்கள்.
மூன்றாவது வரிசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது எனக்கு.

அது ஒரு புதன்கிழமை. ஜூலை.
ஸ்வயம்பு கனி உங்களுக்கு என்ன உறவு, என்றது போன்.
நான்தான், என்றேன்.
எதிர்முனையில் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் ஓடியது.
அப்படியானால் வந்து பாருங்கள்.

சயான் ஆஸ்பத்திரி. குடையை மெல்கியோர் பிடித்திருந்தான்.
குர்லாவுக்கும் சூனாபட்டிக்கும் நடுவே
தண்டவாளம் தாண்டியவன்.
சட்டைப்பையில் நாலாக மடித்த என் பான் கார்டு ஜெராக்ஸ்,
அதன் பின்பக்கம் நீல மையில் ஏதோ கூட்டல்,
மழையில் கரைந்து.
உள்ளங்கையில் பாதி மங்கிய மருதாணி,
யார் கல்யாணமோ.
இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிறம்,
சிவப்பு நூலால் இறுக்கித் தைத்தது.

தம்பியா?
இல்லை.
தெரிந்தவனா?
இல்லை.
கான்ஸ்டபிள் ஜெராக்ஸை நீட்டினார், உன்னுடையதுதானே.
வாங்கிக்கொண்டேன்.
படிவத்தில் அதுவரை இருந்த பெயரை அடித்துவிட்டு
அவர் அக்ஞாத் என்று எழுதினார்.
அடித்தது என் பெயர்தான், சரிதான்,
ஆனாலும் அவனிடம் வேறு இல்லை.

அன்றிரவு மெல்கியோர் சாப்பிடவில்லை.
இதை எழுதவே முடியாதுடா, என்றான்.
நான் சாப்பிட்டேன். தயிர்சாதம், ஊறுகாய்.
அதை எழுதியிருக்கலாம்.

போன வாரம் வங்கியில் கேஒய்சி.
ஸ்டேஷன் எதிரே கடையில் இரண்டு பிரதி கேட்டேன்.
முதலில் ஒன்று சாய்ந்து வந்தது,
என் நெற்றி இல்லை, கையெழுத்தில் பாதி இல்லை.
நல்லவை இரண்டையும் எண்ணி வாங்கியபின்
அந்தக் கெட்டுப்போனதையும் கொடுங்கள், என்றேன்.
கடைக்காரர் தேடினார்.
அதற்குள் அதைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் யாருக்கோ கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.
முப்பத்தாறு ரூபாய்.
இப்போதுதான் போகிறான், என்று படிக்கட்டைக் காட்டினார்.
படிக்கட்டு முழுக்க ஆட்கள்.